அஞ்சலை நின்ற பக்கம்

நோயாளி வீட்டில் ஒரு வாய் காபிகூடக் குடிக்கக் கூடாது என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை வரைக்கும் வீடு வீடாகப் போய், பக்கவாதம் வந்தவர்களுக்குக் கை கால் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்ற நான், அந்த விதியை ஒரு நாளும் மதித்ததில்லை. ஒருமுறை நோயாளியோடு பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறே சாப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு அப்படிச் சாப்பிடாமல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. சமீபத்தில் உங்களில் ஒருவர் என்னிடம் வந்து, "மேடம், அந்த வீட்டில் மனைவி ரொம்ப நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். இனி நாம் அடிக்கடி போக வேண்டியதில்லை" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நன்றாகப் பார்த்துக்கொள்ளும் வீடுகளைப் பார்த்துத்தான் நான் அதிகம் பயந்திருக்கிறேன். போனைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

செல்வராசு வேன் டிரைவர். கச்சிராயபாளையத்தில் வீடு. அங்கிருந்து வெள்ளிமலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவது, திரும்ப ஏற்றிக்கொண்டு வருவது, இதுதான் தொழில். நல்ல பேச்சுக்காரர். வண்டியில் ஏறுகிற கிழவிகளிடமெல்லாம் வம்பு பேசிச் சிரிக்க வைத்துக்கொண்டே மலையேறுவார். ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். மூளையின் வலப்பக்கத்தில் அடைப்பு. இடக்கையும் இடக்காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் போகவில்லை. மூளையின் வலப்பக்கத்தில் அடி வாங்கியவர்கள் பலருக்கு இப்படித்தான் பேச்சு தப்பிவிடும். பேச்சு நன்றாக இருந்தால் மூளையும் நன்றாக இருக்கிறது என்று வீட்டார் முடிவு கட்டிவிடுவார்கள். பாதி வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அவருக்கு இன்னொன்றும் இருந்தது. கண்ணில் எந்தக் கோளாறும் கிடையாது, ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவர் மூளை கணக்கில் எடுக்கவில்லை. இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் வலப்பக்கம் திரும்பித் தேடுவார். தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "அவ்ளோதானா?" என்பார். நீங்கள் இதற்கு இடப்பக்கப் புறக்கணிப்பு என்று பெயர் சொல்லுவீர்கள். மருத்துவமனையில் இருந்தபோது நானே பார்த்தது. பல பேருக்கு நாளாவட்டத்தில் இது குறைந்துவிடும். நான் வீட்டுக்குப் போகத் தொடங்கிய கொஞ்ச நாளில் அவர் மனைவி அஞ்சலை, "அதெல்லாம் இப்ப சரியாப் பூடுச்சி மேடம்" என்றாள். வீட்டில் பார்த்தபோது அப்படித்தான் தெரிந்தது. தண்ணீர்ச் சொம்பை எடுத்தார். டிவி பார்த்தார். வந்தவர்களிடம் முகம் பார்த்துப் பேசினார்.

அஞ்சலையைப் போல ஒரு பெண்ணை நான் அதிகம் பார்த்ததில்லை. முகச் சவரம்கூட அவளே செய்துவிடுவாள். அவர் எழுந்து நடந்தால் வலக்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பாள். பக்கவாதம் வந்தவர்களின் வீட்டாருக்காக நாங்கள் மாதத்துக்கு ஒருமுறை ஒரு பள்ளிக்கூட அறையில் கூட்டம் போடுவோம். அங்கே வரும் பெண்கள் பாதிப்பேர் பேச ஆரம்பிக்கும் முன்னே அழுதுவிடுவார்கள். அஞ்சலை மட்டும் எழுந்து நின்று, "எங்க வூட்டுக்காரரு நல்லாருக்காரு, ஒரு கொறையும் இல்ல" என்பாள். எல்லோரும் கைதட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன்.

செல்வராசு நடக்க ஆரம்பித்தால் மலையில் இருக்கும் குலசாமிக்குக் கிடா வெட்டுவதாக அவருடைய அக்கா பச்சையம்மாள் வேண்டிக்கொண்டிருந்தாள். அவர் நடந்தார். ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கிளம்பினார்கள். நடக்க வைத்த மேடம் வராவிட்டால் சாமியே கோபித்துக்கொள்ளும் என்று என்னையும் விடவில்லை. செல்வராசுவின் வேனிலேயே போனோம். அஞ்சலையின் தம்பி ஏழுமலை ஓட்டினான். பாத்திரம், விறகு, ஆடு எல்லாம் ஒரு குட்டியானைச் சரக்கு வண்டியில் முன்னால் போயிருந்தன.

கோயில் வெள்ளிமலை தாண்டி, ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, காட்டுக்குள் ஒரு சரிவில் இருக்கிறது. பொங்கல் வைத்தார்கள், கிடா வெட்டினார்கள், மத்தியானத்துக்குமேல் பந்தி விரித்தார்கள். செல்வராசுவுக்கு எதிரே எனக்கு இலை போட்டார்கள். பச்சையம்மாளே பரிமாற வந்தாள். வேண்டுதல் அவளுடையது என்பதால் தம்பிக்கு முதல் பரிமாறல் அவள் கையால்தான். இலையின் நுனி இடப்பக்கம். அந்த ஓரத்தில் உப்பு வைத்தாள், பக்கத்தில் ஈரல் வறுவலை அள்ளி வைத்தாள். பிறகு சோறு, குழம்பு. அஞ்சலை பந்தியின் கடைசியில் யாருக்கோ குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

செல்வராசு சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். நிமிர்ந்தார். "அக்கா, ஈரல் எங்க? ஊருக்கெல்லாம் வச்சிகினு எனக்கு மட்டும் இல்லியா?" என்றார்.

பச்சையம்மாள் சிரித்தாள். "துன்னுட்டு இல்லன்றான் பாரு." பந்தியே சிரித்தது. செல்வராசு சிரிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. "வெக்கவே இல்ல, நான் எங்க துன்னது?" ஈரல் இலையில் அப்படியே இருந்தது. சோற்றிலும் இடப்பக்கத்துப் பாதி கை படாமல் கிடந்தது.

குழம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு அஞ்சலை ஓடி வந்தாள். குனிந்து, அவர் வாயைத் துடைத்துவிடுகிற மாதிரி, இடக்கையால் இலையைச் சற்று நகர்த்தி, வலக்கையால் ஈரலையும் மீதிச் சோற்றையும் வலப்பக்கம் தள்ளினாள். "தோ இருக்குது பாருங்க, சோத்துக்கு அடியில பூடுச்சி" என்றாள். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தினமும் செய்கிற கைக்குத்தான் அந்த வேகம் வரும். பந்தியில் இருந்த ஒருத்தருக்கும் எதுவும் தெரியவில்லை. நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

கை கழுவும் சாக்கில் அஞ்சலையைத் தண்ணீர் டிரம் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"எத்தனை நாளாம்மா இப்படி?"

அவள் முதலில் மழுப்பினாள். நான் விடவில்லை. பிறகு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "ஆஸ்பத்திரில இருந்து வந்ததுல இருந்தே இப்டித்தான் மேடம். கட்டில செவுத்தோட ஒட்டிப் போட்டுட்டேன். பீச்சாங்கை பக்கம் செவுரு, சோத்தாங்கை பக்கம் நானு. டிவி, சொம்பு, செல்லு எல்லாம் இந்தப் பக்கமே வச்சிடுவேன். துன்னத் துன்னத் தட்டத் திருப்பி உட்ருவேன். ஆரு வந்தாலும் இந்தப் பக்கமா இட்டாந்து குந்த வச்சிடுவேன். வூட்டுல ஒண்ணியும் தெரியாது."

"என்கிட்ட ஏன் சரியாகிவிட்டது என்று சொன்னாய்?"

"ஆஸ்பத்திரில பேப்பரக் குடுத்துப் படம் போடச் சொன்னாங்க மேடம். பாதி பூவு போட்டுக் குடுத்தாரு. சுத்தி நின்ன டிரெயினிங் புள்ளைங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துகினாங்க. அவுருக்கு இன்னா தப்புன்னே புரியல. என்னப் பைத்தியம்னு நெனச்சிகினாங்களா அஞ்சலன்னு கேட்டு அழுதாரு. அவுரு அழுது நான் பாத்ததே இல்ல. மறுபடி ஒருத்தர் அவுர அப்டிப் பாக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன். தானா சரியாப் பூடும்னும் நெனச்சேன்."

கோபமாக வந்தது எனக்கு. ஆனால் அவளைப் பார்த்தபோது கோபப்பட முடியவில்லை. எலும்பும் தோலுமாக நின்றாள். பகல் முழுக்க ஒரு மனிதனுடைய உலகத்தின் பாதியைத் தூக்கித் தூக்கி மறுபாதியில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது, அதை அவளிடம் அப்போது சொல்லவில்லை. எல்லாமே வலப்பக்கம் வந்துவிட்டதால், இடப்பக்கம் திரும்பித் தேட வேண்டிய அவசியமே செல்வராசுவுக்கு வரவில்லை. தேடாத மூளை எப்படிக் கற்றுக்கொள்ளும்?

"வண்டி?" என்று கேட்டேன்.

"தொட உட்டதில்ல மேடம். சாவி என் இடுப்புலதான் இருக்கும். கேட்டா, மேடம் இன்னும் சரின்னு சொல்லலன்னு உங்க பேரச் சொல்லிடுவேன்."

"இன்றைக்குச் சாவி எங்கே?"

"ஏழுமலைகிட்ட." சொல்லிவிட்டு அவளே திரும்பிப் பார்த்தாள்.

ஏழுமலை வேன் நிழலில் மல்லாந்து கிடந்தான். கறி வெந்துகொண்டிருந்தபோது ஆண்கள் சிலர் பாட்டிலோடு புதருக்குப் பின்னால் போனதை நானும் பார்த்திருந்தேன். பந்தி முடிந்து கிளம்பும் நேரத்தில் உலுக்கினார்கள், முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். வாய் குழறியதே தவிர எழுந்திருக்கவில்லை. குட்டியானையும் பாத்திரங்களோடு அதற்குள் இறங்கிப் போயிருந்தது. மலை உச்சியில் மூடுபனி, மலைக்காரர்கள் சொல்கிற மஞ்சு, இறங்கத் தொடங்கிவிட்டது. தூறல் போட்டது. குழந்தைகள் அழுதன. மஞ்சு மூடுவதற்குள் கீழே போய்விட வேண்டும் என்று ஆளாளுக்குப் பறந்தார்கள். வந்தவர்களில் வேறு யாருக்கும் வேன் ஓட்டத் தெரியாது.

"ஏன் அல்லாடறீங்க? டிரைவரே நம்மகிட்ட இருக்காரே" என்று யாரோ சொன்னார்கள்.

செல்வராசு ஏழுமலையின் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். நல்ல நடைதான், நான் பழக்கிய நடை. ஏறி, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வியாதி வந்ததற்குப் பிறகு அந்த முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. பெண்களும் குழந்தைகளும் முண்டியடித்து ஏறினார்கள்.

நான் டிரைவர் பக்கத்து ஜன்னலுக்குப் போனேன். "செல்வராசு, நீங்கள் ஓட்ட வேண்டாம்" என்றேன்.

"இன்னா மேடம் நீங்க. கை எப்டிப் புடிக்குது பாருங்க." இடக்கையால் ஸ்டீயரிங்கை இறுக்கிக் காட்டினார். அந்தப் பிடிப்புக்காக எத்தனை நாள் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லியிருப்பேன்.

"கை நன்றாக இருக்கிறது. உங்களுக்கு இடப்பக்கம் தெரியவில்லை."

சிரித்தார். "கண்ணு டாக்டருகிட்டயே காட்டிட்டேன் மேடம். ஒரு கொறையும் இல்லன்னுட்டாரு."

"ஈரல் இலையில்தான் இருந்தது. நீங்கள் பார்க்கவில்லை."

"அக்கா வெளாட்டுக்கு அப்பறமா வச்சிருக்கும்."

பொய் சொல்லவில்லை அவர். இந்த வியாதியின் கொடுமையே அதுதான். பாதி இருட்டாகத் தெரிந்தால் அவரே பயந்து இறங்கியிருப்பார். அவருக்கு எதுவுமே குறையாகத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்த அளவில் உலகம் முழுசாகத்தான் இருந்தது.

பின்சீட்டிலிருந்து பச்சையம்மாள் எட்டிப் பார்த்தாள். "மேடம், சாமி கும்புட்டுப் பொறப்படற நேரத்துல ஏன் இப்டிப் பேசறீங்க? நடக்க வச்சதே நீங்கதான். எங்க தம்பி இந்த ரோட்ட கண்ண மூடிக்கினு ஓட்டுவான்."

அவர் காலைப் பார்த்தார்கள், கையைப் பார்த்தார்கள், பேச்சைக் கேட்டார்கள். என் பேச்சுதான் அவர்களுக்குப் பைத்தியக்காரப் பேச்சாகத் தெரிந்திருக்கும்.

நம் ஊரில் டிரைவர் உட்காருவது வலப்பக்கத்தில். அப்படியென்றால் வண்டி முழுக்க அவருக்கு இடப்பக்கம்தான். ஏறியிருந்த அத்தனை பேரும் அந்தப் பக்கம்தான். அந்தச் சாலை எப்படி வளைந்து வளைந்து இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும். இறங்கும்போது சில வளைவுகளில் இடக்கைப் பக்கம் பாறை, சில வளைவுகளில் இடக்கைப் பக்கம் ஒன்றுமே கிடையாது, கீழே காடுதான். மேலே மஞ்சு.

அஞ்சலை என் தோளைத் தொட்டாள். குரலை இறக்கி, "நான் முன்னாடி பக்கத்துல குந்திகினு, ஒவ்வொரு வளைவா சொல்லிகினே வரேன் மேடம். பாத்துக்கறேன்" என்றாள்.

எனக்கு அவளை ஓங்கி ஓர் அறை விடலாம் போல இருந்தது. அடுத்த நொடியே கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. தட்டைத் திருப்பிவிடுகிற மாதிரி மலையையும் திருப்பிவிடலாம் என்று நினைக்கிறாள். நினைத்துத்தான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறாள்.

சாவியைப் பிடுங்கிப் புதரில் எறிந்துவிடலாமா என்று யோசித்தேன். எறிந்தால் தேடி எடுப்பார்கள், என்னை ஏற்றாமல் போவார்கள். சத்தம் போட்டால் அவர் இன்னும் முறுக்கிக்கொள்வார். நான் சொல்லி அவர் நம்பப் போவதில்லை, அவருடைய கண்ணே அவருக்குச் சாட்சி சொல்லவில்லை. அவர் நம்பக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான். அவள்தான் இத்தனை நாள் மறைத்துக்கொண்டிருக்கிறாள். மறைத்தவளே காட்டினால்தான் உண்டு.

அவளைச் சற்றுத் தள்ளி இழுத்தேன். "இன்றைக்கு ஒரு தடவை அவருக்கு உதவி செய்யாதே. வண்டியில் ஏறாதே. அவர் உன்னைத் தேடுவார். இடப்பக்கக் கதவிலிருந்து நாலடி தள்ளி நில். கூப்பிட்டால் குரல் கொடுக்காதே."

"எல்லாரும் பாப்பாங்களே மேடம்."

"பார்க்கட்டும்."

"அவுரு மனசு ஒடஞ்சி பூடும்."

"அவர் மனசை அப்புறம் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். உள்ளே குழந்தைகள் இருக்கிறார்கள், அஞ்சலை."

முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டிக்குப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனாள். நான் டிரைவர் ஜன்னலுக்கு வந்து, கையை உள்ளே விட்டு சாவிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நான் இன்னும் ஏதோ கெஞ்ச வந்திருப்பதாக நினைத்து அவர் கண்டுகொள்ளவில்லை. வண்டி சரிவில் நின்றது. முன்சக்கரங்களுக்கு ஏழுமலை உருளாமல் கல் அண்டை கொடுத்திருந்தான். அந்தக் கல் எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியாது. செல்வராசு எஞ்சினைப் போட்டார்.

அப்போதுதான் முன்கண்ணாடி வழியாக அஞ்சலையைப் பார்த்தேன். நான் சொன்ன இடத்தில் அவள் இல்லை. வண்டிக்கு நேர் முன்னால், இடப்பக்கச் சக்கரத்துக்கு எதிரே, பம்பர் புடவையைத் தொடுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு, அவரையே பார்த்துக்கொண்டு.

என் விரல்கள் சாவியைப் பற்றிக்கொண்டன.

"அஞ்சல எங்க?" செல்வராசு பக்கத்து இருக்கையைத் தடவிப் பார்த்தார். வெளியே வலப்பக்கம் பார்த்தார். "அஞ்சல, வா, நேரமாவுது." ஹாரன் அடித்தார். ஹாரன் சத்தம் அவள் மார்புக்கு நேராகப் போனது. அவள் அசையவில்லை.

வண்டிக்குள் இருந்தவர்கள் முன்கண்ணாடியை எட்டிப் பார்த்தார்கள். "டேய் தம்பி" என்றாள் பச்சையம்மாள். குரலே மாறியிருந்தது. "வண்டிக்கு எதுக்காலதான்டா நிக்கறா."

"எங்கக்கா?" கண்ணாடியை நன்றாகப் பார்த்தார். அவர் கண் பாதிக் கண்ணாடி வரைக்கும் வந்தது. அங்கேயே நின்று, திரும்ப வலப்பக்கமே போனது. "யாரும் இல்லியே. நீயும் வெளாட்றியா?"

அவர் கை கியருக்குப் போனது.

நான் சாவியைத் திருகி உருவிக்கொண்டேன். எஞ்சின் அடங்கியது. அவர் ஆத்திரமாக என் பக்கம் திரும்பினார். அந்த அமைதியில் முன்னாலிருந்து குரல் வந்தது. "இங்கதாங்க நிக்கறேன்."

குரல் வந்த திசையைத் தேடினார். முதலில் வலப்பக்கம். அவள் திரும்பவும் சொன்னாள். "இந்தப் பக்கம். இன்னும் திரும்புங்க. இன்னும்." கழுத்து மெல்லத் திரும்பியது. ஒரு கட்டத்தில் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெறும் வெளியாக இருந்த இடத்தில் பெண்டாட்டி நிற்கிறாள். அவளைப் பார்த்தார், பம்பரைப் பார்த்தார், கியரில் இருந்த தன் கையைப் பார்த்தார்.

"எப்ப வந்து நின்ன?" என்றார்.

"வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடியே."

செல்வராசு இறங்கினார். யாரும் பிடிக்கவில்லை. வண்டியின் முகப்பில் கையை வைத்துத் தடவிக்கொண்டே சுற்றி வந்தார், கை அவள் மேல் படுகிறவரைக்கும். பிறகு என்னிடம் கை நீட்டிச் சாவியை வாங்கி அவளிடம் கொடுத்தார். கூட்டத்துக்கு முன்னால் அழுதார். அவளும் அழுதாள். வண்டிக்குள் பச்சையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். நான் அந்தச் சக்கரத்துக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மேட்டில் ஏறினால் கொஞ்சம் சிக்னல் கிடைத்தது. செல்வராசுவே தன் கூட்டாளி டிரைவர் ஒருவரை வெள்ளிமலையிலிருந்து வரச்சொல்லிப் பேசினார். "எனக்கு ஒரு பக்கம் தெரியலடா" என்று அவர் வாயாலேயே சொன்னதை நான் கேட்டேன். அந்த ஆள் வரும்வரை தூறலில் காத்திருந்தோம். அஞ்சலையிடம், "நான் சொன்ன இடத்தில் ஏன் நிற்கவில்லை?" என்று கடிந்துகொண்டேன். "ஓரமா நின்னா கவனிக்கலன்னு சொல்லிடுவாரு மேடம்" என்றாள். அவ்வளவு நன்றாக அவரைத் தெரிந்தவள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செல்வராசு மறுபடி வண்டி ஓட்டவில்லை. ஏழுமலையே ஓட்டுகிறான், கிடா விருந்துக்குப் போகிற நாளில் மட்டும் சாவி அவன் அக்கா அஞ்சலையிடம். செல்வராசு கூடப் போய் ஆள் ஏற்றுகிறார், இறக்குகிறார், கிழவிகளிடம் வம்பு பேசுகிறார். அந்த மாதக் கூட்டத்தில் அஞ்சலை எழுந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். யாரும் கைதட்டவில்லை. அவள் உட்கார்ந்த பிறகு இன்னொரு பெண் எழுந்து, தன் மாமியார் விழுங்க முடியாமல் இருமுவதை இத்தனை நாள் எங்களிடம் மறைத்ததைச் சொன்னாள். அப்புறம் வேறொருத்தி. அன்றுதான் அது உண்மையான கூட்டமாக இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், நோயாளி என்ன செய்கிறார் என்று மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். கட்டில் ஏன் சுவரோடு ஒட்டியிருக்கிறது, சொம்பு ஏன் எப்போதும் அதே பக்கத்தில் இருக்கிறது, கேள்வி கேட்டால் யார் முந்திக்கொண்டு பதில் சொல்கிறார்கள் என்று பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் போங்கள். மறைக்கிறவர்களைக் கண்டுபிடித்துவிட்டால் அதட்டாதீர்கள். நோயாளியை யாரும் கேவலமாகப் பார்த்துவிடக் கூடாது என்று மறைக்கிறார்கள். அந்தக் கேவலமான பார்வையை நம்மில் யாராவதுதான் முதலில் பார்த்திருப்போம்.

அன்று மலையிறங்கியபோது அஞ்சலையை அவருக்கு இடப்பக்கம் உட்காரச் சொன்னேன். "இனிமேல் நீ இந்தப் பக்கம்தான். அவர் தேடட்டும்" என்றேன். அவளுக்கு அது பிடிபடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். நான் பின்சீட்டில் இருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் செல்வராசு கழுத்தை வலிய இடப்பக்கம் திருப்பி, அவள் இருக்கிறாளா என்று பார்த்தார். நான் மாதக்கணக்கில் கூப்பாடு போட்டிருந்தாலும் அந்தப் பயிற்சியை அவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்க மாட்டார். பாதி மலை இறங்குவதற்குள் அவள் தலை சாய்ந்து அவர் இடத்தோளில் விழுந்துவிட்டது. அடுத்த வளைவில் அவர் திரும்பினார். இந்தத் தடவை வலப்பக்கம் திரும்பவே இல்லை, அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தம்பி, மெதுவா போப்பா" என்றார் டிரைவரிடம். "இவ தூங்கறா."